எத்தனை உறை தெரியுது?

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் இருப்பது உறைகிணறு. காலையில் அம்மா தண்ணீர் இறைக்கப் போனால் அப்பா திண்ணையிலிருந்தே கேட்பார்: "எத்தனை உறை தெரியுது?" அம்மா எட்டிப் பார்த்து எண்ணிச் சொல்வார். ஒரு உறை ஒரு அடி. மழை முடிந்த தை மாதத்தில் 7, 8 உறை தெரியும். ஆடி வரும்போது 15. அதைத் தாண்டினால் துணி துவைப்பது ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

ரிடையர் ஆனதிலிருந்து அந்தக் கணக்கை நான் நோட்டில் எழுதி வருகிறேன். மாதத்தின் முதல் தேதி, விடியற்காலையில், பக்கத்து வீட்டு மோட்டார் போடுவதற்கு முன்னால். மோட்டார் ஓடும்போது அளந்தால் நம் கிணறும் சேர்ந்து இறங்கியிருக்கும். டேப்பின் நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டி, எப்போதும் ஒரே இடத்திலிருந்து விட வேண்டும். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்துவிட வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

இப்போது மகன் கிணற்றைத் தூர்த்துவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்தலாம் என்கிறான். "குழாய்த் தண்ணி வருது, போர் இருக்கு, கிணறு எதுக்குப்பா?" போர் தண்ணீர் கொடுக்கும், சரி. ஆனால் தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று அது சொல்லாது. மோட்டார் காற்று இழுக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் அளக்கிறதே என்பீர்கள். அளக்கிறது. தேர்ந்தெடுத்த கிணறுகளில் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு 4 முறை. நல்ல வேலைதான். ஆனால் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவராவது மோட்டாரை அரை மணி முன்னதாக நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் நினைவிருக்கும். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. "இனி மூணு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்கள் கிணறும் இரண்டே நாளில் குனிந்து மொள்ளும் அளவுக்கு ஏறியது. அடுத்த மே மாதம் நோட்டைப் புரட்டினால், வழக்கமாக மே மாதத்தில் இருக்கும் அதே உறைக்கணக்கு! கொட்டிய மழை வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. நவம்பர் மட்டத்தைப் பார்த்து மகிழ்வது, சம்பள நாளன்று பாஸ்புக்கைப் பார்ப்பது மாதிரி. மேயை மேயோடுதான் ஒப்பிட வேண்டும்.

கடற்கரை ஊருக்கு இன்னொரு பயமும் உண்டு. நமக்குக் கீழே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு ஏறாமல் அது தடுக்கும் என்பது நிலநீர்க் கணக்கு. ஒரு உறை கூடுதலாகத் தெரிவது அப்படிச் சாதாரணமில்லை. ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் அது போகாது.

அதனால் நான் கேட்பது இதுதான். வார்டுக்கு ஒரு கிணற்றையாவது தூர்க்காமல் விடட்டும். உட்சுவரில் பெயின்ட்டால் அடிக்கணக்கு எழுதி, மாதாமாதம் எத்தனை அடியில் தண்ணீர் என்று மார்க்கெட் வாசலில் ஒரு கரும்பலகையில் போடட்டும். பெரிய செலவில்லை.

எங்கள் வீட்டு விஷயத்தில், கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுக் காரை இரண்டடி தள்ளி நிறுத்தலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். போன ஞாயிற்றுக்கிழமை பேரன்தான் டேப்பைப் பிடித்தான். 13 உறை.