போமற் அடிக்க முதல்

“போமற் அடிச்சால் சரி வந்திடும்.” எங்கட ஊரில கொம்பியூட்டருக்கு வாற எல்லா வருத்தத்துக்கும் இந்த ஒரே மருந்துதான். காய்ச்சலுக்கும் பனடோல், கால் முறிஞ்சாலும் பனடோல் எண்ட மாதிரி.

போன வருசம் எங்கட வாசிகசாலைக் கணினியில ஒரு தளமும் திறக்கேல்லை. எதைத் தட்டினாலும் இணைப்புப் பாதுகாப்பில்லை எண்டு வந்தது. வைரஸ் எண்டு சொல்லிக் கடையில போமற் அடிச்சுத் தந்தினம். அங்க வேலை செய்தது. கொண்டுவந்து பூட்டினால் பழையபடி அதே பிழை. பிறகுதான் திரையின் மூலையில கிடந்த திகதியைப் பார்த்தம்: 2009. மதர்போட்டில இருக்கிற நாணயக்குற்றி அளவான பற்றரி, சி.ஆர். 2032, முடிஞ்சுபோயிருந்தது. வயரைக் கழட்டினதும் மணிக்கூடு பின்னுக்குப் போயிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி உண்டு. 2009இல் நிற்கிற கணினிக்கு அவை இன்னும் பிறக்காத சான்றிதழ்கள், நம்ப மாட்டுது. பற்றரியை மாற்றித் திகதியைத் திருத்தினம். அவ்வளவுதான்.

போமற்றோட போனதுதான் திரும்பி வரேல்லை. இடப்பெயர்வுக்கு முதல் எடுத்த ஊர்ப் படங்களை வீடு வீடாக வாங்கி, ஸ்கான் பண்ணி அதுக்குள்ள வைச்சிருந்தம். படம் தந்த அம்மம்மாக்களில ரெண்டு பேர் இப்ப உயிரோட இல்லை. வேறொரு பிரதி எடுத்து வைக்காதது எங்கட பிழை, ஒத்துக்கொள்ளுறம். அழிஞ்ச உடனே பாவிக்கிறதை நிப்பாட்டியிருந்தால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். நாங்கள் மூண்டு மாதம் அதில படமும் பார்த்து முடிச்சிட்டம். ஆனாலும் “உள்ளுக்கு என்ன கிடக்கு?” எண்டு கடையில ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தானே?

பழுது பார்க்கிறதெண்டால் முதல்ல பிழை எங்க எண்டு தேட வேணும். தேடுறது பெரிய வித்தை இல்லை. பவர் வருது, விசிறி சுத்துது, ஆனால் திரை கறுப்பு எண்டால், கரண்டை நிப்பாட்டி வயரைக் கழட்டிப்போட்டு றாமைக் கழட்டி, அதின்ர பொன்நிற முனையை அழிறப்பரால துடைச்சு, இறுக்கிப் பூட்டிப் பாருங்கோ. கனதரம் இதோட எழும்பும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதேங்கோ. வயரைக் கழட்டின பிறகும் அதுக்குள்ள மின்சாரம் நிக்கும்.

நெற் இல்லையெண்டால் கணினிக்குக் கிடைச்ச ஐபி முகவரியைப் பாருங்கோ. 169.254 எண்டு தொடங்கினால் ரவுட்டர் முகவரி குடுக்கேல்லை. பிழை பெரும்பாலும் கேபிளில அல்லது ரவுட்டரில. 8.8.8.8 க்கு பிங் போகுது, பெயர் அடிச்சால் மட்டும் தளம் வரேல்லை எண்டால் அது டிஎன்எஸ் பிரச்சினை. இந்த ரெண்டுக்கும் போமற் என்னத்துக்கு?

கடைக்காரரில முழுப்பழியும் போட வரேல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி வந்தால் அவைக்கும் அதுதான் கெதியான வழி. எங்களுக்கு அது கெதியான வழி இல்லை. இப்ப திரை வராத பெட்டியைக் கடைக்குக் குடுக்கிறதெண்டால் ஹாட் டிஸ்க்கைக் கழட்டி வாசிகசாலை அலுமாரியில பூட்டி வைச்சிட்டுத்தான் குடுக்கிறம். படங்களைத் திரும்ப ஸ்கான் பண்ண வீடு வீடாப் போறம். சில வீடுகளில ஆல்பமே இல்லை.