பாட்டுக் கேட்டால் ஆங்கிலம் வந்துவிடுமா?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் தவறாமல் வழங்கப்படும் இலவச அறிவுரை ஒன்று உண்டு. இந்தி வழியிலோ தமிழ் வழியிலோ பள்ளிக் கல்வியை முடித்து, குடும்பத்திலேயே முதன்முதலாக உயர்கல்விக்கு வந்த ஒரு மாணவர், தம் ஆய்வேட்டின் முதல் இயலைச் சிவப்பு மை நிரம்பியதாகத் திரும்பப் பெறுகிறார். இனி என்ன செய்வது என்று கேட்கிறார். "ஆங்கிலப் பாட்டு நிறையக் கேளுங்கள், சொல்வளமும் மரபுத்தொடர்களும் தாமாக வந்துவிடும்" என்று விடை வருகிறது. சொல்பவருக்கு இதனால் செலவேதும் இல்லை. கேட்பவரோ இரண்டு பருவங்களை இயர்போனோடு கழிக்கிறார். அப்போதும் ஆங்கிலம் கைவராதபோது, குறை தம்மிடமே இருக்கிறது என்று முடிவு செய்துகொள்கிறார். இந்த அறிவுரை தவறானது. அது கற்பிக்க வேண்டியவரின் கடமையைக் கற்க வந்தவரின் தலையில் ஏற்றிவிடுகிறது என்பது இன்னும் பெரிய தவறு.

இதைக் காண ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்ட வேண்டியதில்லை. நம் காதுகளே சான்று. தியாகராசர் மறைந்தது 1847-இல். அவருடைய தெலுங்குக் கிருதிகளைத் தமிழ்நாட்டில் அன்றுதொட்டு எத்தனை தலைமுறையினர் பாடி வருகிறார்கள்! அவர்களுள் அப்பாட்டுகளின் வழியாகவே தெலுங்கு கற்று, விஜயவாடாவில் இறங்கி நான்கு வாக்கியம் பேசியவர்கள் எத்தனை பேர்? பொருள் புரியாமல் பாடுவதும் பொருள் புரியாமல் தலையாட்டுவதும் எதற்கு என்ற கேள்வி, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தோற்றுவித்த இயக்கத்தின் வாதங்களுள் ஒன்று. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்ற அதே தமிழ்நாடு, 1969-இல் வெளிவந்த 'ஆராதனா' படத்தின் பாடல்களை மனப்பாடமாகப் பாடியது. இந்தி வந்ததா? மறுபக்கமும் பார்க்கலாம். 1998-இல் வெளிவந்த 'தில் சே' படத்தின் 'ஜியா ஜலே' பாடலில் மலையாள வரிகள் வருகின்றன. கால் நூற்றாண்டாக வட இந்தியா அவற்றை முணுமுணுக்கிறது. மலையாளத்தில் ஒரு வினைமுற்றையேனும் அது கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

காரணம் எளியது. ஒரு சொல்லின் ஒலி நினைவில் தங்குவது ஒன்று. அந்த ஒலி ஒரு பொருளோடு பிணைவது வேறொன்று. இசை முதலாவதைச் சிறப்பாகச் செய்கிறது. இரண்டாவதற்கு அது பொறுப்பேற்பதில்லை. இன்னும் சொன்னால், ஒலியையே அது தவறாகத் தரவும் கூடும். சில்வியா ரைட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1954-இல் எழுதிய கட்டுரையொன்றில் தம் சிறுவயது மயக்கம் ஒன்றை விவரித்தார். ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில், கொல்லப்பட்டவனைப் புல்தரையில் கிடத்தினர் என்று வரும் இடத்தை, அவனோடு மாண்ட 'மாண்டகிரீன்' என்னும் சீமாட்டியின் பெயராக அவர் கேட்டிருந்தார். பாட்டைத் தவறாகக் கேட்பதற்கே 'மாண்டகிரீன்' என்ற கலைச்சொல் அதிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கே இந்த நிலை என்றால், அச்சொற்களை முன்பின் அறியாதவர் எதைக் கேட்டு எதைக் கற்பார்?

இங்கே ஆய்வு முடிவுகளைச் சுட்டி மறுப்போர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் காட்டுவது, எடின்பரோவில் லுட்கே, ஃபெரைரா, ஓவரி ஆகியோர் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வை. முன்பு அறிந்திராத ஹங்கேரிய மொழித் தொடர்களை 60 பேருக்குக் கற்பித்தபோது, பேசிக் கற்றவர்களைவிடப் பாடிக் கற்றவர்கள் சில தேர்வுகளில் மேலாகச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த ஆய்வில் நடந்தது என்ன? குறுகிய தொடர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பொருள் உடன் தரப்பட்டது. கற்பவர் வாய்விட்டுத் திருப்பிப் பாடினார். அதாவது, அங்கே பாடம் இருந்தது. பாட்டு அதற்குத் துணை நின்றது. பாடத்தை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் கையில் கொடுப்பதற்கு அந்த ஆய்வைச் சான்றாக்குவது நேர்மையாகாது.

மரபுத்தொடர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோதல். சொற்களைத் தனித்தனியே அறிந்தவருக்கு இப்பொருள் கிட்டாது. கிட்டினாலும் அதைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் தொடர் செத்துவிடும். எஞ்சுவது உதைபட்ட வாளி மட்டுமே. மறைந்த அறிஞருக்கான இரங்கலுரையில் அதை எழுதினால், எழுதியவர் நகைப்புக்கு இடமாவார். ஆக ஒரு மரபுத்தொடரை அறிவது என்பது அதன் பொருளையும் இறுக்கத்தையும் இடம்பொருள் ஏவலையும் சேர்த்து அறிவதாகும். பாட்டு இவற்றுள் எதையும் விளக்குவதில்லை. எதுகைக்காகத் தொடரை உடைக்கும், தலைகீழாக்கும். இரட்டை எதிர்மறை போன்றவை ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தில் ஒழுங்கான இலக்கணமுடைய வழக்குகள். அவ்வழக்கிலிருந்து வளர்ந்த இசை வகைகளில் இயல்பாக ஒலிப்பவை. அவற்றைக் கேட்டுப் பழகிய மாணவர் அவ்வாறே எழுதினால், பாட்டுக் கேட்கச் சொன்ன அதே கை சிவப்பு மையை எடுக்கிறது.

ஆய்வு மாணவருக்குத் தேவைப்படும் சொற்களேனும் பாட்டில் இருக்கின்றனவா? ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. 'ஹைபாத்திசிஸ்', 'டிரைவ்', 'இம்ப்ளை', 'வேர்ஆஸ்' முதலியவை அதில் அடங்கும். பாப் பாடல்களின் மொழியை டிம் மர்ஃபி 1992-இல் ஆராய்ந்தபோது கண்டதோ வேறு: எளிய சொற்கள், அவற்றையே மீண்டும் மீண்டும் கூறுதல், யார் என்று சுட்டப்படாத 'நான்', 'நீ'. கேட்பவர் தம்மையே அதில் பொருத்திக்கொள்ள இந்தத் தெளிவின்மை உதவுகிறது. பாட்டின் கவர்ச்சியே அதுதான். ஆய்வுரை வேண்டுவதோ இதற்கு நேர்மாறான தெளிவு.

"வடகிழக்கு மாணவர்களைப் பாருங்கள், கிதாரும் ஆங்கிலப் பாட்டுமாக வளர்ந்ததால்தான் ஆங்கிலம் சரளம்" என்பது அடுத்த வாதம். ஷில்லாங்கில் 1972 முதல் பாப் டிலனின் பிறந்தநாள் கொண்டாடப்படுவது உண்மை. ஆனால் நாகாலாந்தில் 1967 முதல் ஆட்சிமொழி ஆங்கிலம், மேகாலயாவிலும் ஆங்கிலமே. கிறித்தவ சமயப்பணியாளர் நிறுவிய பள்ளிகளுக்கு அங்கே நெடிய வரலாறு உண்டு. பள்ளியும் அலுவலகமும் தந்த மொழியில் அவர்கள் பாட்டை அனுபவிக்கிறார்கள். விளைவைக் காட்டிக் காரணம் என்பது முதலாண்டு மாணவரே செய்யக்கூடாத பிழை.

பாட்டால் மொழிக்கல்வி நடக்கவே நடக்காது என்பதன்று வாதம். அது நடந்த இடம் நம் நாட்டிலேயே உண்டு. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி முன்வைத்த எண்ணத்தின்படி, 1999-இல் குஜராத் தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சியில் பாடலின் சொற்கள் அதே மொழியில் திரையின் கீழே ஓடவிடப்பட்டன. அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களின் வாசிப்பை அது வளர்த்தது. ஏன்? பாடலின் மொழி அவர்கள் பேசும் மொழி, பொருள் தெரிந்தது. எழுத்து மட்டுமே புதிது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைப் பிடித்தார்கள். ஆங்கிலப் பாட்டின் முன் தனியே விடப்பட்ட மாணவருக்குப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தது எதுவும் இல்லை.

ஆகவே பாட்டைப் பரிந்துரைக்கும் ஆசிரியர் வகுப்பறைக்குப் பாட்டோடு வரட்டும். சொற்களை அச்சிட்டுக் கையில் தரட்டும். ஒருமுறை கேட்கச் செய்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லி, தாளோடு ஒப்பிடட்டும். இரண்டு மரபுத்தொடர்களை எடுத்துக்கொண்டு, யார் யாரிடம் எப்போது சொல்வது, கட்டுரையில் ஏன் கூடாது என்று மாணவரின் தாய்மொழியிலேயே விளக்கட்டும். அத்தொடர்கள் வரும் செய்தித்தாள் பத்தி ஒன்றையும் காட்டட்டும். இதற்கு ஒரு மணி நேரம் போதும். ஆய்வேட்டு ஆங்கிலத்திற்கோ பாட்டு வேண்டியதே இல்லை. மாணவரின் வரைவை அருகில் அமர்த்தி வாக்கியம் வாக்கியமாகத் திருத்தும் ஆள் வேண்டும், அதற்கான நேரம் அவருடைய பணிக்கணக்கில் சேர வேண்டும். இதைத் துறைக் கூட்டத்தில் கேட்டுப் பெறுவது கடினம். பாட்டுக் கேட்கச் சொல்வது எளிது.

மாணவர்கள் பாட்டுக் கேட்கட்டும், மகிழட்டும். அதற்கு யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. ஆனால் அடுத்த முறை இந்த அறிவுரை வரும்போது அவர்கள் பணிவோடு திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: "எந்தப் பாட்டு ஐயா? அதில் எந்தச் சொற்கள்? பொருள் சொல்லித் தர எப்போது வரட்டும்?"