லீன் பயிற்சி: யாருக்கு, எத்தனை நாளைக்கு?

எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு காலத்தில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய நாள்கணக்கில் வரிசைகட்டி நின்றது திருவொற்றியூர்க்காரர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். லாரிப் பக்கத்திலேயே சமையல், லாரியிலேயே தூக்கம். மேனேஜ்மென்ட் புத்தகங்களில் இதற்குக் 'காத்திருத்தல்' என்று பெயர். டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ பட்டியலிட்ட ஏழு விரயங்களில் ஒன்று. தேவைக்கு மேல் உற்பத்தி, அதிக ஸ்டாக், வீண் போக்குவரத்து, வீண் அசைவு, தேவையற்ற வேலைப்பாடு, பழுது ஆகியவை மற்ற ஆறு. இவற்றைத் தேடித்தேடிக் குறைத்துக்கொண்டே போவதுதான் லீன் முறை. அந்தப் பெயரை முதலில் வைத்தவர் ஜான் கிராஃப்சிக், 1988-ல் எழுதிய ஒரு கட்டுரையில்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஸ்டாக் விஷயம் கொஞ்சம் உதைக்கும். பேலன்ஸ் ஷீட்டில் ஸ்டாக் ஒரு சொத்து. ஓனோவுக்கோ அது விரயம். விற்காத சரக்கை நிறையத் தயாரித்துக் குடோனில் அடுக்கினால், அப்சார்ப்ஷன் காஸ்டிங்படி நிலையான செலவில் ஒரு பங்கு அந்தச் சரக்கோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். இந்த வருட லாபம் ஜோராகத் தெரியும்! ஆகவே லீன் வகுப்பில் முதலில் உட்கார வேண்டியவர்கள் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்காரர்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பயிற்சி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது என்ன? ஒரு நாள் வகுப்பு. பவர்பாயின்ட். டீ, பிஸ்கட். கடைசியில் ஒரு குரூப் போட்டோ, ஆளுக்கொரு சர்டிஃபிகேட். ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் போடப்படும். அவர் போனதும் அந்தக் கோட்டின் மேலேயே டிராலி நிற்கும்.

இந்த முறையின் வேர் இப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது தேர்ந்த தொழிலாளிகள் போர்முனைக்குப் போய்விட, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதியவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை சொல்லித்தர சூப்பர்வைசர்களைத் தயார் செய்ய 1940-ல் ஒரு அரசுத் திட்டம் தொடங்கியது. 1945-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள். மொத்தமே பத்து மணி நேரம்தான், ஆனால் இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். வகுப்பில் கற்றதைத் தன் கடையின் சொந்த வேலையை வைத்தே செய்து காட்ட வேண்டும். கற்றவருக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர் சரியாகக் கற்பிக்கவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. போருக்குப்பின் அது ஜப்பான் போய், 1950-களின் தொடக்கத்தில் டொயோட்டாவுக்குள் நுழைந்தது.

நம் ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்லவும் முடியாது. பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவதாக. 1948-ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்ட், 2016-ல் பந்த்நகர் ஆலைக்கும் 2017-ல் ஓசூர் இரண்டாவது ஆலைக்கும் அதே பரிசைப் பெற்றது. இவை ஒருநாள் வகுப்பில் வந்தவை அல்ல.

இங்கேதான் யாரும் பவர்பாயின்டில் போடாத கேள்வி வருகிறது. "உன் வேலையில் விரயம் எங்கே இருக்கிறது, சொல்" என்று தொழிலாளியைக் கேட்கிறார்கள். மூன்று பேர் செய்வதை இரண்டு பேர் செய்யலாம் என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் அந்த மூன்றாவது ஆள் யார்? அவரே கூட இருக்கலாம். தன் தலையில் தானே மண்ணை வாரிப்போட்டுக்கொள்ள எவர் முன்வருவார்? லீன் என்றாலே ஆள்குறைப்பு என்று தொழிற்சங்கங்கள் முகம் சுளிப்பதைக் குறை சொல்லிப் பயனில்லை.

டொயோட்டாவே இந்தப் பாடத்தைப் பணம் கட்டித்தான் படித்தது. 1950-ல் ஆள்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம், நிறுவனர் கிச்சிரோ டொயோடாவின் ராஜினாமா. மிச்சமிருந்தவர்களின் வேலைக்கு உறுதி கிடைத்தது அதற்குப் பிறகு. தொழிலாளர் யோசனைத் திட்டம் 1951-ல் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

2008-ல் அமெரிக்காவில் வண்டி விற்பனை சரிந்தபோது டெக்சாஸ், இண்டியானா ஆலைகளில் சில மாதங்கள் உற்பத்தி நின்றது. நிரந்தரத் தொழிலாளிகளை டொயோட்டா அனுப்பவில்லை, சம்பளம் கொடுத்துப் பயிற்சியில் உட்கார வைத்தது. (அதே சமயம் ஜப்பானில் ஆயிரக்கணக்கான தற்காலிகத் தொழிலாளிகளைக் குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனியும் தர்ம சத்திரம் இல்லை.) 2019 செப்டம்பரில் லாரி விற்பனை விழுந்தபோது எண்ணூர் ஆலைக்கு 16 வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டன. இந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் அடிக்கடி வருவது. அடுத்த இறக்கத்துக்கான பயிற்சி அட்டவணையை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாமே?

காண்ட்ராக்ட் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். இன்று இருப்பார், ஆறு மாதம் கழித்து வேறு கேட்டில் நிற்பார். அவருக்குச் சொல்லித்தருவது வீண் என்று நினைக்கிறார்கள். ஆனால் டிராலியைத் தள்ளுவதும், சரக்கை ஏற்றி இறக்குவதும், பழுதான பீஸை முதலில் கையில் எடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். ஏழு விரயங்களையும் தினம் பார்க்கிறவரை விட்டுவிட்டு ஏசி ரூமில் விரயம் தேடுவது என்ன நியாயம்?

சிறு தொழில்களுக்கு மத்திய அரசின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புது வடிவில் வந்தது. ஆலோசகர் கட்டணம் முதலான செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. விச்சூர், அம்பத்தூர் பட்டறைக்காரர்கள் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய திட்டம். ஆனால் பத்து பேர் வேலை செய்யும் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க வகுப்பு நடத்தினால் டெலிவரி போய்விடும். அதற்குப் பதில் தினமும் ஷிப்ட் தொடங்கியதும் பத்து நிமிடம், சம்பள நேரத்துக்குள்ளேயே, மெஷின் பக்கத்தில் நின்றபடி, தமிழில் (ஆள் ஒடிசாவிலிருந்து வந்திருந்தால் அவருக்குப் புரியும் மொழியில்) பேசலாம். நேற்று எங்கே நின்றது, ஏன் நின்றது என்று ஒருவர் சொல்லட்டும். அந்த ஒருவர் காண்ட்ராக்ட் ஆளாகவும் இருக்கட்டும். யோசனை சொன்னதால் யாருக்கும் வேலை போகாது என்று நோட்டீஸ் போர்டில் முதலாளி கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டட்டும்.