மதுரையா? திண்டுக்கல்லா? தேனியா?
மருத்துவம் பயில விரும்பும் தோழியருக்குச் சில எண்ணங்கள்

"படித்து முடித்தபின் என்னவாகப் போகிறீர்கள்?" என்று வகுப்பில் யார் கேட்டாலும், பாதிக்கு மேற்பட்ட கைகள் "டாக்டர்" என்றே உயர்கின்றன. அடுத்து, "எந்தக் கல்லூரியில்?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. ஒருத்தி தான் விளம்பரத்தில் கண்ட கல்லூரியின் பெயரைச் சொல்கிறாள். இன்னொருத்தி அத்தை மகள் பயிலும் கல்லூரியைச் சொல்கிறாள். சேலை எடுக்கக் கடைக்குப் போனால் பத்துச் சேலையைப் பிரித்துப் பார்க்கும் நாம், ஐந்தரை ஆண்டு வாழப்போகும் இடத்தைக் காதால் கேட்ட அளவிலேயே தேர்ந்துகொள்கிறோம். இது முறையாகுமா? இந்த ஆண்டு மதிய உணவு இடைவேளைகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இதைப் பற்றிப் பலமுறை பேசினோம். அவ்வாறு பேசித் தெளிந்தவற்றை இங்கே தருகிறோம்.

நம் ஊருக்கு மருத்துவர் ஏன் தேவை?

வத்தலக்குண்டு எழுத்தாளரையும் வீரரையும் ஈன்ற ஊர். "கமலாம்பாள் சரித்திரம்" எழுதிய ராஜமய்யர் இங்கே பிறந்தவர். 1898ஆம் ஆண்டு தம் 26ஆம் வயதிலேயே மறைந்தார். விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவாவும் இம்மண்ணின் மைந்தரே. சிறையில் தொழுநோய்க்கு ஆளான அவரை, நோயைக் காரணம் காட்டி இரயிலில் ஏறவும் அன்றைய ஆட்சி தடுத்தது. அவர் 1925இல் காலமானார். அதே நோயைப் பன்மருந்துச் சிகிச்சையால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குணப்படுத்திவிட இன்று முடிகிறது. மருத்துவம் வளர்ந்துவிட்டது உண்மையே. ஆனால் அது எல்லார் வாசலுக்கும் வந்துவிட்டதா? மலைக் கிராமத்தில் இரவில் பிரசவ வலி கண்ட பெண் இன்றும் வளைவுச் சாலைகளில் இறங்கித்தான் வரவேண்டும். சற்றுக் கடினமான நோய் என்றால், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்ற சொல்லே நம் செவியில் விழுகிறது. எனவே நம் பெண்கள் மருத்துவம் பயில விரும்புவது பெருமைக்காக மட்டுமன்று என்று நம்புகிறோம்.

நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை

முதலில் மதுரை. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. அப்போது நம் ஊரும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். இக்கல்லூரியோடு இணைந்த அரசு இராசாசி மருத்துவமனைதான் நாம் "பெரியாஸ்பத்திரி" என்று சொல்வது. பழையவர்கள் அதை இன்னும் "எர்ஸ்கின் ஆஸ்பத்திரி" என்பார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட இம்மருத்துவமனைக்குத் தென் மாவட்டங்களின் நோயாளிகள் வந்து குவிகிறார்கள். ஆண்டுக்கு 250 மாணவர்க்கு இங்கே இடமுண்டு.

தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004இல், ஆண்டிபட்டி செல்லும் வழியில் க.விலக்கில் தொடங்கியது. ஆண்டுக்கு 100 இடங்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியோ மிக இளையது. 2022 சனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையே இதன் பயிற்சி மருத்துவமனையாயிற்று. இம்மூன்று ஊர்களுக்கும் நம் பேருந்து நிலையத்திலிருந்தே புறப்படலாம்.

மதுரை தோப்பூருக்கென அறிவிக்கப்பட்ட எய்ம்ஸ் நிறுவனத்திற்கு 2019 சனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் ஐம்பது மாணவர்களோ 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் வகுப்பைத் தொடங்க நேர்ந்தது. எய்ம்ஸ் இடங்கள் அகில இந்தியக் கலந்தாய்வில் நிரம்புபவை. மாநில ஒதுக்கீடு அவற்றில் இல்லை என்பதையும் தோழியர் நினைவில் கொள்க. இவையன்றி, அனுப்பானடியில் உள்ள வேலம்மாள் மருத்துவக் கல்லூரி போன்ற தனியார் கல்லூரிகளும் உள்ளன.

எதைக் கொண்டு எடை போடுவது?

கட்டடத்தின் உயரத்தைக் கொண்டன்று. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதல் கேள்வி: அங்கே நோயாளிகள் வருகிறார்களா? முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றைப் புத்தகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் கற்கலாம். அதன்பின் நோயாளியின் கட்டில்தான் பாடப்புத்தகம். நாடி பிடித்துப் பாராமல், மூச்சொலியைக் கேளாமல், பேறுகாலத்தில் அருகே நில்லாமல் மருத்துவராக முடியாது. இந்த வகையில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஈடு சொல்வது கடினம். நூறு வகை நோயை ஒரே கூரையின்கீழ் காணலாம். அதே வேளையில், மாணவர் தொகை குறைந்த கல்லூரியில் பேராசிரியர் நம் பெயரைச் சொல்லி அழைப்பார். ஒரு கட்டிலைச் சுற்றி நிற்பவரும் சிலராகவே இருப்பர். பெரியதற்கும் சிறியதற்கும் தனித்தனி நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாம் கேள்வி: நம் வீடு தாங்குமா? அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் நின்றுவிடும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே இலட்சக்கணக்கில் செலுத்த வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதனினும் மிகுதி. ஓராண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் துணிந்துவிடுகிறோம். அதைப் படிப்பு முடியும்வரை பெருக்கி, விடுதி, உணவு, புத்தகம் எல்லாம் கூட்டி, அந்தத் தாளை அப்பாவின் முன் வைக்க வேண்டும். நம்மில் பலருடைய தந்தையர் தென்னையையும் வாழையையும் வெற்றிலைக் கொடிக்காலையும் நம்பி வாழ்பவர்கள். ஒரு மகளின் படிப்புக்காகத் தோட்டத்தை விற்றுவிட்டால், அடுத்த மகளின் படிப்பு என்னாவது? கடன் பட்டுப் படித்தவள், பட்டம் பெற்றதும் கடன் அடைக்கும் ஊரைத் தேடுவாளேயன்றி, மருத்துவர் இல்லாத ஊரைத் தேடுவாளா?

மூன்றாம் கேள்வி: தங்கும் இடமும் வழியும் எப்படி? "ஆண் பிள்ளையானால் எங்கும் அனுப்பலாம், பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பெண்கள் விடுதி கல்லூரி வளாகத்திலா, ஊருக்கு வெளியிலா? இரவுப் பணி முடிந்து விடுதி திரும்பும் வழியில் விளக்கும் காவலும் உண்டா? 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் இந்தக் கேள்வியை யாரும் அற்பமாக எண்ண இயலாது. பெற்றோர் நேரில் சென்று பார்த்துக் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஆனால் அச்சத்தைக் காரணமாக்கி மகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவது தீர்வாகாது. வழியைப் பாதுகாப்பாக்குவதே தீர்வு.

நான்காம் கேள்வி: படித்து முடித்தபின் எங்கே போவோம்? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்கள் அங்கே சேர்ந்தது 1947இல்தான். நம் ஊரைத் தாண்டி மலையேறும் அதே கொடைக்கானலில்தான் அவர் 1960இல் காலமானார். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுக்கப்பட்ட தாய்மார்கள் பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கண்டே அவர் மருத்துவம் பயிலத் துணிந்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. அவர் தமக்கொரு தொழிலைத் தேடிப் படிக்கவில்லை. ஒரு தேவையைக் கண்டு படித்தார். அந்தத் தேவையைக் கண்ணெதிரே காட்டும் கல்லூரி எதுவோ அதுவே நல்ல கல்லூரி.

இந்நான்கையும் சேர்த்துப் பார்த்தால், நம் போன்ற குடும்பங்களின் பெண்களுக்கு அரசுக் கல்லூரியே முதல் தெரிவு என்பது எங்கள் முடிவு. மதுரை கிடைத்தால் நன்று. தேனியோ திண்டுக்கல்லோ கிடைத்தால், "மதுரை கிடைக்கவில்லையே" என்று முகம் வாடத் தேவையில்லை. நம் மாவட்டத்து நோயாளியை, நம் பேச்சிலேயே விசாரித்துக் கற்கும் வாய்ப்பு சிறியதன்று.

வாசலில் நிற்கும் ஒரு குறை

கல்லூரியைத் தேர்வது இருக்கட்டும். அதன் வாசல் நமக்குத் திறக்குமா? இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 180 வினா, 720 மதிப்பெண் கொண்ட நீட் தேர்வே 2017 முதல் தமிழகத்திலும் வாசலாக இருந்து வருகிறது. பெருநகரில் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களோடு நாமும் ஓட வேண்டியிருக்கிறது. இதைக் கருதியே அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகியவையும் அதில் அடங்கும். அது நல்ல சட்டம்; அதனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் வெள்ளைக் கோட்டு அணிந்தனர். ஆனால் எங்களுடையதைப் போன்ற அரசு உதவிபெறும் பள்ளிகள் அச்சட்டத்தில் சேரவில்லை.

எங்கள் வகுப்பிலும் விவசாயக் கூலியின் மகள் இருக்கிறாள். பூக்கட்டும் தாயின் மகள் இருக்கிறாள். அவர்கள் வறுமை மட்டும் வேறு வறுமையா? உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளி மாணவியர்க்கென்றே தொடங்கியது. பின்னர் 2024 டிசம்பரில், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்றவர்க்கும் அது நீட்டிக்கப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? அரசுப் பள்ளித் தோழியரின் பங்கில் ஓர் இடத்தையும் நாங்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு உள்ளது அப்படியே இருக்கட்டும். எங்களுக்கெனத் தனியே சிறு பங்கு வேண்டும் என்றே கேட்கிறோம்.

முடிவாக

தோழியரே, ஒன்று சொல்ல விரும்புகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் அனிதாவை 2017இல் தமிழகம் இழந்தது. அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. எந்தக் கல்லூரியும், எந்தத் தேர்வும் உங்கள் உயிரைவிடப் பெரியதன்று. ஒருமுறை கிடைக்காவிடில் மறுமுறை எழுதலாம். செவிலியர் படிப்பும், மருந்தியலும், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பமும் நோயாளியின் கட்டிலருகே நம்மைக் கொண்டு சேர்க்கும் வழிகளே. மனம் சோர்ந்தால் தனியே அழாதீர்கள். தாயிடமோ, தோழியிடமோ, ஆசிரியையிடமோ சொல்லுங்கள்.

பெற்றோரே, மகளுக்காக நகை சேர்க்கும் அக்கறையில் ஒரு பங்கை அவள் படிப்பின் கணக்கைப் போட்டுப் பார்ப்பதிலும் காட்டுங்கள். விளம்பரத்தை நம்பாதீர்கள், நேரில் சென்று பாருங்கள்.

என்றாவது ஒரு நாள், நள்ளிரவில் மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு தாயை, "பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பாமல், "உள்ளே வாங்க அம்மா" என்று நம் ஊரிலேயே வரவேற்பவள் நம்முள் ஒருத்தியாக இருக்கட்டும். அவள் எந்தக் கல்லூரியில் பயின்றாள் என்று அந்தத் தாய் கேட்கப் போவதில்லை.

சிந்திப்போம், தெளிந்து தேர்வோம்!