கனவுக்குள் விழிக்கச் சடங்கு போதுமா?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுகிறீர்கள். சானடோரியம் போகிறது, குரோம்பேட்டை போகிறது. அடுத்து பல்லாவரம் வரவேண்டும். ஆனால் வந்து நிற்பதோ வண்டலூர்! நடைமேடையில் உங்கள் கணக்கு ஆசிரியர் யானைமீது அமர்ந்து வருகைப் பதிவேட்டைப் படிக்கிறார். நீங்களும் சற்றும் வியக்காமல் "உள்ளேன் ஐயா" என்கிறீர்கள். விழித்த பிறகுதான் சிரிப்பு வருகிறது.

சிலருக்கோ, கனவு நடந்துகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிடும். இதைத் தெளிகனவு என்று சொல்வோம். டச்சு மனநல மருத்துவர் வான் ஈடன் 1913-இல் தம் கனவுகளைக் கொண்டு இதுபற்றி எழுதினார். ஆனால் உறங்குபவர் எப்படிச் சாட்சி சொல்வார்? அதற்கு வழி காட்டியது கண்தான். கனவு மிகுந்த உறக்கத்தில் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். விழிகள் மட்டும் இமைக்குள் விரைந்து அசையும். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இந்த அசைவைக் கருவியால் பதிவு செய்தார். ஆலன் வோர்ஸ்லி என்பவர், முன்பே பேசிவைத்தபடி, கனவுக்குள்ளிருந்து விழிகளை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார்! 2021-இல் வெளியான நான்கு நாட்டு ஆய்வில், உறங்கிக்கொண்டிருந்த சிலர் எளிய கழித்தல் கணக்குக்குக் கண்ணசைவால் விடையே சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் "எனக்கும் வருமா?" என்று கேட்பீர்கள். அதற்கான குறிப்புகள் இன்று ஏராளம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார், விரல்களை எண்ணு, எழுதியிருப்பதை இரண்டு முறை படி என்றெல்லாம் சொல்கிறார்கள். ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் 'தாம்பரம்' என்று படித்து, தலையைத் திருப்பி, மறுபடி படியுங்கள். கனவாக இருந்தால் எழுத்துகள் பெரும்பாலும் மாறிவிடும். பகலில் பழகினால் கனவிலும் செய்வோம் என்பது கணக்கு.

கணக்கு சரிதான், ஆனால் இதை வெறும் சடங்காகச் செய்வதில் பயனில்லை என்பது என் கருத்து. வகுப்பில் வாய் "உள்ளேன் ஐயா" என்கிறது. மனம் கிரிக்கெட் மைதானத்தில் இருக்கிறது. அதுபோலவே, நாளைக்குப் பத்து முறை விரலை எண்ணுபவர் கனவிலும் எண்ணுவார், "ஐந்தே கால், சரி" என்று சொல்லிவிட்டு நடப்பார்! ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி வற்புறுத்தியது விரலை அல்ல, கேள்வியை. "நான் இங்கே எப்படி வந்தேன்? சற்று முன் எங்கே இருந்தேன்?" என்று உண்மையான ஐயத்தோடு கேட்க வேண்டும் என்றார். ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்விலும், பகல் சோதனை மட்டும் செய்தவர்களுக்குப் பலன் கிட்டவில்லை. இரவில் இடையே எழுந்து, "அடுத்து கனவு காணும்போது அது கனவு என்பதை நினைவில் கொள்வேன்" என்ற எண்ணத்தோடு மீண்டும் உறங்கியவர்களுக்கே ஓரளவு பலித்தது. அவர்களிலும் ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களுக்குத்தான் வெற்றி அதிகம். முக்கி முனகி முயன்றால் கனவும் வராது, தூக்கமும் வராது.

கனவுக்குள் போன பிறகும் இதே கதைதான். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கத் துடிப்பவர் சட்டென்று விழித்துக்கொள்வார். ஒரே பொருளை இமைக்காமல் உற்றுப் பார்த்தால் கனவு கலைந்துவிடும் என்பதைத் தோலியே கண்டார். கெட்ட கனவிலிருந்து தப்ப அது நல்ல உபாயம்! துரத்தும் உருவத்தைக் கண்டு ஓடாமல், நின்று "நீ யார்?" என்று கேட்கலாம் என்றும் அவர் சொன்னார். விடை என்ன வரும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் கேட்க வேண்டும். சுவையே அங்கேதான் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன். இடையில் எழும் முறைக்காக நள்ளிரவில் அலாரம் வைக்காதீர்கள். உங்கள் வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை, டியூஷனுக்காக விடியுமுன் எழும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் ஏற்கெனவே துண்டு விழுகிறது. கனவு மிகுந்த உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளமாக வரும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டி சொல்வாரே, பலிப்பது இருக்கட்டும், நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்தக் கனவுதான். நான்கரை மணிக்கு எழுபவர் இழப்பது அதையே.

ஆகவே நேரத்தோடு படுங்கள். ஞாயிற்றுக்கிழமை தானாக விழிப்பு வந்ததும் உடனே எழாமல், அசையாது கிடந்து, கனவை நினைவுபடுத்திப் பாருங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். யானையோ வண்டலூரோ, எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை ஒரு வரி எழுதிவையுங்கள்.