கரண்ட் போனாலும் டோன் போகக்கூடாது

ஜூஜுவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஓசூர் சிப்காட் வேலைக்காக வந்து தங்கிவிட்டவர்களும் ஊர்க்காரர்களும் கலந்து வாழும் இந்த எல்லையில், திருவிழா மேடையேறும் கீபோர்டு கலைஞருக்குத் தமிழ்ப் பாட்டு மட்டும் போதாது; தெலுங்கும் கன்னடமும் கைவசம் வேண்டும். பாட்டுக்குப் பாட்டு டோன், தாளம், வேகம் எல்லாம் மாறும். அத்தனையையும் ஒரே பட்டனில் வரவழைப்பதுதான் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி. பல இரவுகள் உட்கார்ந்து அமைத்த அந்தச் சேமிப்பைக் காப்பதும் வாசிப்பைப் போலவே கலைஞரின் வேலை.

ஆபத்து பெரும்பாலும் அடாப்டரில்தான் தொடங்குகிறது. பழைய காசியோ மாடல்கள் பலவற்றுக்கு 9 வோல்ட். பிளக்கின் நடுமுனை மைனஸ். யமஹாவின் சிறிய கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட்; நடுமுனை பிளஸ். அதே யமஹாவின் பெரிய மாடல்கள் சில 16 வோல்ட் கேட்கும். காசியோவின் புதிய வரிசையில் 9.5 வோல்ட்டும் உண்டு. பிளக் உள்ளே நுழைகிறது என்பதால் மட்டும் அது சரியான அடாப்டர் ஆகிவிடாது. கீபோர்டின் பின்புறத்திலும் அடாப்டரின் மேலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜும், வட்டத்துக்குள் புள்ளி வைத்த பிளஸ்–மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. குறைவாக இருந்தால் அடாப்டர் சூடாகும். வால்யூமை ஏற்றும்போது கீபோர்டு தானாக அணைந்து எழும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்லா அளவிலும் மலிவான அடாப்டர் கிடைக்கும். அங்கே வாங்குவது குற்றமில்லை, எண்களைப் பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடம் பகுதியில் 2019 முதல் யமஹாவே கீபோர்டு தயாரிக்கும் நிலையில், அசல் அடாப்டரைக் கேட்டு வாங்குவது ஒன்றும் அரிய காரியமில்லை.

வீட்டைவிட மேடை மோசமான இடம். பந்தல்காரர் மும்முனை இணைப்பிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ லைன் இழுத்திருப்பார். எங்காவது நியூட்ரல் வயர் கழன்றால், 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட் வரை ஏறலாம். "நியூட்ரல் போயிடுச்சு" என்று யாரோ கத்தும்போது ஆம்ப்ளிஃபயரும் அடாப்டரும் சேர்ந்தே புகைந்திருக்கும். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் நல்ல அடாப்டரும் இதைத் தாங்காது. சாதாரண ஸ்பைக் கார்டு நொடிக்கும் குறைவான மின்வீச்சைத்தான் உறிஞ்சும். நீடிக்கும் உயர் வோல்ட்டேஜை அது தடுக்காது. வோல்ட்டேஜ் வரம்பைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் கருவிதான் இதற்கு வேண்டும். பிளக் செருகுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் கேட்பது கலைஞரின் உரிமை. ஜெனரேட்டருக்கு மாற்றும் நேரத்தில் பிளக்கை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

இனி நினைவகம். யமஹா பிஎஸ்ஆர் 280 போன்ற பழைய மாடல்களில், அடாப்டர் செருகியிருக்கும் வரை அல்லது உள்ளே பேட்டரி இருக்கும் வரைதான் சேமித்தவை நிற்கும். இரண்டும் இல்லாமல் பெட்டிக்குள் வைத்தால் எல்லாம் போய்விடும். அதனால்தான் அந்த மாடல்களில் பேட்டரி மாற்றும்போது அடாப்டரைச் செருகியே வைக்க வேண்டும். சற்றுப் பிந்தைய மாடல்களுக்கு வேறு எச்சரிக்கை: பேட்டரி உள்ளே இருக்க, வாசித்துக்கொண்டிருக்கும்போது அடாப்டரைச் செருகினாலோ பிடுங்கினாலோ கீபோர்டு அணையக்கூடும், பதிவாகிக்கொண்டிருந்த பாட்டு அழியும். ஃபிளாஷ் மெமரி உள்ள புதிய கருவிகளில் கரண்ட் போனாலும் சேமிப்பு நிற்கும். ஆனால் திரையில் "ரைட்டிங்" என்று ஓடும் சில விநாடிகளில் சுவிட்சைத் தொடக்கூடாது.

பழைய சின்தசைசர்களின் கதை வேறு. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ல் 32 டோன்களைக் காப்பது உள்ளே பற்றவைத்த ஒரு 3 வோல்ட் லித்தியம் வில்லை. 1988-ல் வந்த கோர்க் எம்1-லும் அப்படி ஒரு வில்லை உண்டு. அது தளர்ந்ததும் கருவி திரையில் எச்சரிக்கும். அதைப் பார்த்ததும் வில்லையைக் கழற்றச் சொல்லிக் கடைக்கு ஓடக்கூடாது. முதலில் மிடி கேபிள் வழியாக டோன்களைக் கணினிக்கு ஏற்ற வேண்டும். கழற்றிய நொடியில் அத்தனையும் அழிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைத் தெரியாமல் இழந்த டோன்கள் உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தருபவை.

யமஹாவின் பிஎஸ்ஆர்-இ வரிசை மாடல்கள் பலவற்றில் இரண்டு கோடிக் கட்டைகளுக்கும் தனி வேலை உண்டு. இடக்கோடிக் கட்டையை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால், 30 நிமிடத்தில் தானாக அணையும் வசதி நின்றுவிடும். நீண்ட பேச்சுகள் நடக்கும் மேடைக்கு அது தேவை. வலக்கோடி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டு ஆன் செய்தாலோ, சேமித்த அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். குழந்தைகள் கைவைக்கும் வீட்டில் இது தெரிந்திருப்பது அவசியம்.

கீபோர்டை ஆன் செய்த பிறகே ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். இடி மின்னல் என்றால் சுவிட்சை அணைத்தது போதாது, பிளக்கையே எடுத்துவிட வேண்டும். யுஎஸ்பி துளை உள்ள கீபோர்டு வைத்திருப்பவர்கள் அடுத்த கச்சேரிக்கு முன் ஒரு மாலையை ஒதுக்கி, ரெஜிஸ்ட்ரேஷன் முழுவதையும் பென் டிரைவில் ஒன்று, வீட்டுக் கணினியில் ஒன்று என இரண்டு பிரதி எடுத்துவையுங்கள்.