பிழையின்றி எழுதும் திருடன்

மோசடி மின்னஞ்சலை அதன் எழுத்துப் பிழைகளைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்று இலக்கிய நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். நல்ல வாசகனை ஏமாற்ற முடியாது என்ற நம் பழைய கர்வத்தின் இன்னொரு வடிவமே இது. ஒற்றுப் பிழை பார்க்கும் கண் மெய்ப்புத் திருத்த உதவும்; திருடனைப் பிடிக்க உதவாது. இன்று அவனுக்குப் பிழையின்றி எழுதித்தர இயந்திரமே இருக்கிறது.

2018-இல் உலகெங்கும் பலருக்கு வந்த மிரட்டல் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 'உன் கணினியின் காமிரா வழியே உன் அந்தரங்கத்தைப் படம்பிடித்துவிட்டேன். பிட்காயினில் பணம் அனுப்பு, இல்லையேல் உன்னை அறிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவேன்' என்பது அதன் சாரம். படம் ஏதுமில்லை. ஆனால் கடிதத்தில் பெறுநரின் கடவுச்சொல் இருந்தது. அவர் எப்போதோ உண்மையாகவே பயன்படுத்திய சொல். ஓர் உண்மையை முன்னால் வைத்து மீதிப் பொய் அனைத்தையும் நம்பவைக்கும் இந்த உத்தியை நாவலாசிரியர்கள் அறிவார்கள்.

அந்த ஓர் உண்மை அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? நிறுவனங்கள் பறிகொடுத்த பட்டியல்களிலிருந்து. லிங்க்டுஇன் 2012-இல் பறிகொடுத்தபோது சுமார் 65 லட்சம் கடவுச்சொற்கள் என்றே பேசப்பட்டது; 2016-இல் 11.7 கோடி விற்பனைக்கு வந்தன. ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் தற்செயல் எழுத்துகளைக் கலந்து மறைப்பதைத் துறையினர் 'உப்பு' என்பார்கள். அங்கே அந்த உப்பும் இடப்படவில்லை. (உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை.) யாகூவில் 2013-இல் நடந்த திருட்டு 2016 டிசம்பரில்தான் வெளியே சொல்லப்பட்டது, அப்போது 100 கோடி கணக்குகள் என்றார்கள், மறு ஆண்டு 300 கோடி என்று திருத்தினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நமக்குக் கிடைப்பது 'கவனமாக இருங்கள்' என்ற உபதேசம். 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனம், மார்ச்சிலேயே வெளிவந்த ஒரு மென்பொருள் திருத்தத்தை நிறுவாமல் விட்டு, சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை இழந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்நிறுவனத்திடம் நேரடியாக எதையும் ஒப்படைத்தவர்கள் அல்லர். இதில் எவருடைய கவனக்குறைவைத் தேடுவது? பாதிக்கப்பட்டவர்களுக்கென அது ஒரு தனித் தளம் தொடங்கியது. அதன் ட்விட்டர் கணக்கோ சிலரைப் போலித் தளம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தது. நல்லவேளை, அந்தப் போலியை உருவாக்கியவர் நிறுவனத்தின் அசட்டையைச் சுட்டிக்காட்ட விரும்பிய ஒரு மென்பொருளாளர்தான். முகவரியைச் சரிபார்க்கும்படி நமக்குப் பாடம் நடத்துவோரின் லட்சணம் இது!

ஆகவே தற்காப்பு நம் தலையில் விழுகிறது. முறையல்ல, ஆயினும் செய்யத்தான் வேண்டும். தளத்துக்கு ஒரு கடவுச்சொல், அவற்றை நினைவில் வைக்க ஒரு கடவுச்சொல் மேலாளர், மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கடிதத்தில் உள்ள சுட்டியைத் தொடாமல் முகவரியை நாமே தட்டச்சு செய்வது. பழைய கடவுச்சொல்லைக் காட்டி மிரட்டும் கடிதம் வந்தால் பணமும் வேண்டாம், பதிலும் வேண்டாம். அந்தச் சொல் இன்னும் எங்கெங்கே புழங்குகிறதோ அங்கெல்லாம் இன்றிரவே மாற்றிவிடுங்கள்.